நீளமுடிப் பூனை: முடி உதிர்வு முதல் சடை வரை, எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை. ஒரு பாதி அகலப் பல்லும் மறுபாதி நெருக்கப் பல்லும் உள்ள உலோகச் சீப்பை எடுங்கள். அகலப் பல் பக்கத்தைத் தோலில் படும்படி வைத்து, முடியின் நுனி வரை மெதுவாக இழுங்கள். நான்கு இடங்களில் பார்த்தால் போதும்: காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், வயிறு, பின்தொடையின் பின்பக்கம். நான்கிலும் சீப்பு தடைபடாமல் போனால் சீவல் ஒழுங்காக நடக்கிறது, கோளாறு வேறெங்கோ இருக்கிறது. ஓரிடத்தில் நின்றாலும், இத்தனை நாளும் பிரஷ் மேல்முடியை மட்டுமே தடவிக்கொண்டிருந்திருக்கிறது.

நீளமுடிப் பூனையின் உதிர்ந்த அடிமுடி உடனே தரையில் விழாது. நீண்ட மேல்முடிக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். சீப்பில் வராத முடி சோபாவுக்குப் போகும், பூனையின் வயிற்றுக்குப் போகும், இல்லையென்றால் அங்கேயே திரண்டு சடையாகும்.

கையில் இருக்க வேண்டியவை: மேலே சொன்ன சீப்பு, முனை வளைந்த மெல்லிய கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ், வாசனை சேர்க்காத கார்ன்ஃபிளார் கொஞ்சம். கத்தரிக்கோல் இந்தப் பட்டியலில் இல்லாதது தற்செயல் அல்ல.

## வீடெல்லாம் முடி, ஆனால் பூனை நன்றாக இருக்கிறது

முதுகு, விலா, வயிறு என்று மூன்று இடத்தில் முடியைப் பிரித்துத் தோலைப் பாருங்கள். சிவப்பு, பொருக்கு, சொட்டை எதுவும் இல்லையென்றால் இது சாதாரண உதிர்வு. கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சீப்பு தோலை எட்டவில்லை. பெரும்பாலும் இதுதான். பூனையை ஒருக்களித்துப் படுக்கவிட்டு, ஒரு கையால் முடியை எதிர்த்திசையில் மேலே ஒதுக்கிப் பிடியுங்கள். தலையில் வகிடு எடுத்ததுபோல் தோல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை அளவு முடியை மட்டும் வேரிலிருந்து நுனிக்குச் சீவுங்கள். பிறகு மேலே பிடித்திருக்கும் முடியில் கொஞ்சத்தை இறக்கிவிட்டு அடுத்த வகிடு. பின்னங்காலின் அடியில் தொடங்கி முதுகை நோக்கி ஏறுவது வசதி. முதலில் ஸ்லிக்கர், பிறகு அகலப் பல், கடைசியில் நெருக்கப் பல். நெருக்கப் பல் வெறுமையாக வெளியே வந்தால் அந்த இடம் முடிந்தது. பெர்சியன் போலப் பஞ்சுபோன்ற அடிமுடி உள்ள பூனைக்கு இது தினமும் பத்து நிமிட வேலை. மெய்ன் கூன் போல வழவழப்பான முடிக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும், உதிரும் பருவத்தில் மட்டும் தினமும்.

பருவம். பகல் நேரத்தின் நீளம் மாறும்போது, குறிப்பாக வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், உதிர்வு கூடும். விளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது அடிமுடி வாரும் பிளேடு உதவும். ஓரிடத்தில் ஐந்தாறு இழுப்பு, வாரத்தில் ஒரு நாள், அதற்கு மேல் வேண்டாம். முடி வந்துகொண்டே இருக்கிறதே என்று தொடர்ந்து இழுத்தால் நல்ல மேல்முடியும் ஒடிந்து, முதுகு பறட்டையாகிவிடும். வயிற்றிலும் அக்குளிலும் இந்த பிளேடைக் கொண்டுபோகவே கூடாது.

ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன் நடந்தது என்ன? கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, குட்டி ஈன்றது போன்றவற்றுக்குப் பிறகு முடி தாமதமாகவும் மொத்தமாகவும் கொட்டும். தோல் சுத்தமாக இருந்தால் காத்திருங்கள், தானே முளைக்கும்.

உணவு. பூனைக்கு விலங்குப் புரதம் கட்டாயம். நாய் உணவு அதற்குப் போதாது. உணவுப் பையில் அது பூனைக்கான முழுமையான உணவு என்று எழுதியிருக்கிறதா, சும்மா தின்பண்டமா என்று பாருங்கள். கொழுப்புச் சத்து சேர்ப்பதென்றால் மீன் எண்ணெய்தான் சரி. தாவர எண்ணெயிலிருந்து தனக்கு வேண்டிய ஒமேகா 3-ஐப் பூனையின் உடலால் சரிவர உருவாக்கிக்கொள்ள முடியாது. அளவை எடைக்கேற்ப மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் பலன் தெரியும்.

சோபாவில் ஒட்டிய முடிக்கு ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் தேய்த்தால் கயிறுபோல் திரண்டு வரும். துணிகளைத் துவைப்பதற்கு முன்பே உதறிவிடுங்கள், நனைந்த முடி பிறகு போகாது.

மருத்துவர் எப்போது: பத்து வயதுக்கு மேற்பட்ட பூனை நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறது, முடியும் பரட்டையாகிறது என்றால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை வேண்டும். தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடித்தாலும் அதே.

## சடை விழுந்திருக்கிறது

செய்யக்கூடாத இரண்டை முதலில் சொல்லிவிடலாம்.

கத்தரிக்கோல் வேண்டாம். பூனையின் தோல் மெல்லியது, உடலோடு இறுக ஒட்டாதது. சடையைத் தூக்கிப் பிடித்தால் அடியில் உள்ள தோலும் கூடாரம்போல் உயர்ந்து சடைக்குள் வந்துவிடும். வெட்டுவது முடியா தோலா என்று மேலிருந்து தெரியாது. அவசர சிகிச்சைக்கு வரும் தோல் கிழிசல்களில் இது வழக்கமான ஒன்று.

குளிப்பாட்டவும் வேண்டாம். நனைந்து காயும் சடை கம்பளிபோல் இன்னும் இறுகும். சடை எடுத்த பிறகுதான் தண்ணீர்.

பட்டாணி அளவு, விரலால் அசைத்தால் தளர்கிறது. ஒரு சிட்டிகை கார்ன்ஃபிளார் தூவி விரல்களால் உள்ளே தேயுங்கள். சடைக்கும் தோலுக்கும் நடுவே உள்ள முடியைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அழுத்திப் பிடியுங்கள். இழுப்பு தோலுக்குப் போகாமல் விரலோடு நின்றுவிடும். இந்தப் பிடி சரியாக இருந்தால் பூனை திரும்பிக்கூடப் பார்க்காது. சீப்பின் ஓரப் பல்லால் சடையின் வெளிநுனியிலிருந்து நாலைந்து இழைகளாகப் பிரித்துக்கொண்டே உள்ளே போங்கள். வேரிலிருந்து தொடங்கினால் முடிச்சு இறுகும்.

இரண்டு விரல் அகலம், ஆனால் சடைக்கு அடியில் சீப்பு நுழைகிறது. சீப்பைத் தோலோடு படுக்கவைத்துச் சடைக்கு அடியில் செருகுங்கள். இப்போது சீப்புதான் தோலுக்குக் காவல். சீப்புக்கு மேலே நிற்கும் சடையைக் கிளிப்பரால் (முடி மழிக்கும் மின் கருவி) வழித்துவிடலாம். முடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சடை பிளக்கும் கத்தியால், தோலுக்கு எதிர்ப்பக்கமாக, முடியின் நீளவாக்கில் மூன்று நான்கு கீற்றாகப் பிளந்து ஒவ்வொன்றையும் மேலே சொன்ன முறையில் பிரியுங்கள்.

சீப்பு நுழையவே இல்லை. கிளிப்பர் மட்டுமே வழி. 10-ஆம் எண் பிளேடு போடுங்கள். முடி நீளமாக நிற்கட்டும் என்று 4, 5 எண் பிளேடுகளை எடுப்பது தவறு. அவற்றில் பற்களின் இடைவெளி அதிகம், மெல்லிய தோல் உள்ளே மாட்டிக்கொள்ளும். மறுகையால் தோலை விரித்து, பிளேடைத் தட்டையாக வைத்து, முடி வளரும் திசையில் தள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் பூனைக்கு ஏற்கெனவே சுட்டிருக்கும். அக்குள் மடிப்பு, தொடை இடுக்கு, முலைக்காம்புகள் (ஆண் பூனைக்கும் உண்டு), குதிகாலுக்கு மேல் தசைநார் ஓடும் இடம் ஆகியவற்றில் பழக்கமில்லாதவர் கை வைக்கக் கூடாது. அது க்ரூமரின், அதாவது விலங்குகளின் முடியைப் பராமரிப்பதையே தொழிலாகச் செய்பவரின் வேலை.

முதுகு முழுக்கப் பாய்போல் ஒட்டியிருக்கிறது. வீட்டில் தொடாதீர்கள். நடக்கும்போதெல்லாம் தோல் இழுபடும், அடியில் புண்ணும் இருக்கலாம். மயக்கம் கொடுத்து மழிப்பதுதான் பூனைக்கு நல்லது, அதை மருத்துவமனையில்தான் செய்ய முடியும். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ கொடுத்து வீட்டிலேயே முயன்று பார்ப்பது கொலைக்குச் சமம்: பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

சடையை எடுத்தது பாதி வேலை. அதே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்த இடமே காரணத்தைச் சொல்லும். கழுத்தைச் சுற்றி என்றால் கழுத்துப் பட்டை உரசுகிறது, வீட்டுக்குள் இருக்கும்போது கழற்றிவிடுங்கள். காதுக்குப் பின்னால் என்றால் பூனை காதைச் சொறிகிறது. உள்ளே காப்பித்தூள்போல் கருப்பு அழுக்கு இருந்தால் காதுச் சிற்றுண்ணியாக இருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும். இடுப்புக்கு மேலே முதுகில் என்றால் பூனைக்கு நாக்கு அங்கே எட்டவில்லை: பருமன், மூட்டு வலி, பல் வலி மூன்றில் ஒன்று. குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் மாதங்களில் மட்டும் காரணமே இல்லாமல் எங்கும் சடை விழும். அப்போது தினமும் சீவுவதைத் தவிர வழியில்லை.

மழித்த முடி பழைய நீளத்துக்கு வரப் பல மாதங்கள் ஆகும். முகம், காது, கால், வால் மட்டும் கருத்திருக்கும் ஹிமாலயன் வகைப் பூனைகளில், மழித்த இடத்துத் தோல் குளிர்வதால் புதிய முடி கருமையாக முளைப்பதும் உண்டு. நோய் அல்ல, அடுத்த சுற்று முடியில் சரியாகும்.

## முடி எண்ணெய்ப் பிசுக்காகக் கொத்துக்கொத்தாக நிற்கிறது

வால் தொடங்கும் இடத்தின் மேற்பக்கத்தில் மட்டும் பிசுக்கும் கரும்புள்ளிகளும் இருந்தால் அங்குள்ள எண்ணெய்ச் சுரப்பி அதிகம் வேலை செய்கிறது. கருத்தடை செய்யாத ஆண் பூனைகளில் கூடுதலாகக் காணலாம். கார்ன்ஃபிளார் தூவிப் பத்து நிமிடம் விட்டுச் சீவினால் தணியும், கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறையும். சிவந்து வீங்கி, தொட்டால் பூனை சீறினால் தொற்று, மருந்து தேவை.

முதுகு முழுக்கப் பிசுக்கென்றால் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டது. வாயை முகர்ந்து பாருங்கள்: நாற்றமோ எச்சில் வழிவதோ இருந்தால் பல். உயரத்தில் தாவத் தயங்கினால் மூட்டு. இரண்டும் இல்லாமல் மேலிருந்து பார்க்கையில் இடுப்பே தெரியவில்லை என்றால் பருமன். ஷாம்பு மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

குளித்த மறுநாளே பிசுக்கு என்றால் ஷாம்பு சரியாக அலசப்படவில்லை. குளியலின் சரியான வரிசை இது. முதலில் முழுக்கச் சீவி முடியுங்கள். தொட்டியின் அடியில் துண்டு விரியுங்கள், கால் வழுக்கினால்தான் பூனை பயந்து ஏறும். 37 அல்லது 38 டிகிரி வெதுவெதுப்பில் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். பூனைக்கான ஷாம்பு மட்டும், பாட்டிலில் சொன்ன அளவில் கரைத்து, முடி விழும் திசையிலேயே நீவுங்கள். தலைக்குத் தேய்ப்பதுபோல் வட்டமாகத் தேய்த்தால் சிக்குதான். முடியை விரலால் இழுத்தால் கிறீச்சிடும் வரை அலசி, அதற்குப் பிறகும் ஒருமுறை அலசுங்கள். வயிறும் அக்குளும்தான் தப்பிவிடும் இடங்கள். துண்டால் ஒற்றி எடுங்கள். குறைந்த சூட்டில் டிரையர் போட்டு, சீவிக்கொண்டே அடிமுடி வரை காயவையுங்கள். அரைகுறை ஈரத்தோடு விட்டால் மறுநாளே சடை. பிசுக்குப் பூனைக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு குளியல். நன்றாக நக்கிக்கொள்ளும் பூனைக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை.

## பொடுகு, கருப்புத் துகள்கள்

இடுப்புக்கு மேலே மட்டும் வெள்ளைப் பொடுகென்றால் மறுபடியும் நாக்கு எட்டாத கதைதான். உடல் முழுக்கப் பொடுகு, ஆனால் அரிப்பு இல்லை என்றால் வறண்ட காற்று அல்லது அடிக்கடி குளியல்.

கருப்புத் துகள் இருந்தால் நனைத்த வெள்ளை டிஷ்யூவில் வைத்து நசுக்குங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். பூச்சி கண்ணில் படாததால் இல்லை என்றாகாது, பூனை நக்கி விழுங்கியிருக்கும். வீட்டிலுள்ள எல்லா விலங்குகளுக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். விரிப்புகளில் கூட்டுப்புழுக்கள் தங்கிப் பின்னால் பூச்சியாக வெளிவரும் என்பதால் மூன்று மாதமாவது தொடர வேண்டும், இடையில் வேக்குவம் போட வேண்டும்.

இங்கே ஒரு கண்டிப்பு. நாய்களுக்கான, முதுகில் விடும் தெள்ளு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனைக்கு அது உயிர்க்கொல்லி. தவறி விட்டு நடுக்கமோ வலிப்போ வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனை. டீ ட்ரீ எண்ணெய் போன்ற ‘இயற்கை’ எண்ணெய்களும் ஆபத்தானவையே.

பொடுகைக் கருப்புத் தாளில் உதிர்த்து நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். பொடுகு நகர்ந்தால் அது சிற்றுண்ணி. வீட்டு மனிதர்களுக்கும் அரிப்பு வரலாம். மருத்துவர் மருந்து தந்தால்தான் தீரும்.

## சொட்டை

சொட்டையின் ஓரத்தை எதிர்த்திசையில் விரலால் தடவுங்கள்.

தாடி மழித்த மறுநாள்போல் குத்துகிறது: முடி தானாக உதிரவில்லை, பூனை நக்கியே ஒடித்திருக்கிறது. வயிறும் உள்தொடையும் இதற்கு வழக்கமான இடங்கள். முதலில் மேலே சொன்ன டிஷ்யூ சோதனை, தெள்ளு ஒவ்வாமைக்கு ஓரிரு கடியே போதும். அடுத்து உணவு ஒவ்வாமை, சிறுநீர்ப்பை வலி. ‘மன அழுத்தம்’ என்ற முடிவுக்கு இவையெல்லாம் இல்லையென்று ஆன பிறகே வர வேண்டும். வீடு மாறினோம், அதனால்தான் என்று நேரே அங்கே தாவுவது வழக்கமான தவறு. கழிவுப் பெட்டி மண்ணில் உட்கார்ந்து முக்கியும் ஆண் பூனைக்குச் சிறுநீர் வரவில்லை என்றால் சொட்டையை மறந்துவிட்டு உடனே ஓடுங்கள். அடைப்பு உயிரை எடுக்கும்.

வட்டம், ஓரத்தில் செதில், முகம், காது, பாதங்களில் தொடங்குகிறது: படர்தாமரையாக இருக்கலாம். நீளமுடிப் பூனைகளில், குறிப்பாகப் பெர்சியனில், அதிகம். மனிதருக்குத் தொற்றும். பூனையை ஓர் அறையில் வைத்து, கையுறையோடு கையாண்டு, மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவுக்குச் சில வாரம் ஆகலாம். உங்கள் க்ரீமைப் பூசினால் பூனை நக்கித் தின்னும். அந்தப் பூனையின் சீப்பு வேறு பூனைக்குப் போகக் கூடாது.

கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மட்டும் முடி அடர்த்தியில்லை: பூனைக்கு அங்கே இயல்பாகவே அப்படித்தான்.

## முடியுருண்டை வாந்தி

இரண்டு வாரத்துக்கு ஒன்று வந்து, பத்து நிமிடத்தில் பூனை தட்டுக்குத் திரும்பினால் சீவலைக் கூட்டுங்கள், அவ்வளவுதான். வாராவாரம் வந்தால் மால்ட் பேஸ்ட் (விழுங்கிய முடி குடல் வழியே வெளியேற உதவும் பசை), நார்ச்சத்து கூடிய உணவு என்று சில வாரம் முயலலாம். குறையவில்லையென்றால் குடல் கோளாறா என்று பார்க்க வேண்டும். எண்ணெயை வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

குனிந்து கழுத்தை நீட்டி ‘ஹக் ஹக்’ என்கிறது, எதுவும் வெளியே வருவதில்லை என்றால் அது இருமலாகவும் இருக்கலாம், ஆஸ்துமாவின் அடையாளம். வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓங்கரித்து ஓங்கரித்து எதுவும் வராமல், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் குடல் அடைபட்டிருக்கலாம். காத்திருக்க வேண்டாம், பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரல் கெடத் தொடங்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும்.

## பின்புற முடியில் மலம்

ஈரத்தில் துடைத்தால் பரவும். கார்ன்ஃபிளார் தூவி, காய்ந்ததும் சீவி எடுங்கள். அடிக்கடி நடந்தால் ஆசனவாயைச் சுற்றி மூன்று சென்டிமீட்டருக்கும், வாலின் அடிப்பக்கம் அதே அளவுக்கும் கிளிப்பரால் குட்டையாக்குங்கள், ஒரு மாதத்துக்கும் மேல் நிம்மதி. பாதத் திண்டுகளுக்கு நடுவே துருத்தும் முடியையும் திண்டின் மட்டத்துக்குக் குறைத்தால் மண் ஒட்டி வருவது நிற்கும். மலம் இரண்டு நாளுக்கு மேல் இளகியே இருந்தால் முடியை அல்ல, வயிற்றைப் பார்க்க வேண்டும். ஈ மொய்த்துப் புழு தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

## சீப்பைக் கண்டாலே ஓட்டம், கடி

ஸ்லிக்கரை உங்கள் முன்கையின் உட்புறத்தில் பூனைக்குப் போடும் அதே அழுத்தத்தில் இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் பூனையின் தோலில் எரிச்சல் இருக்கும். படபடவென்று பொறி தட்டினால் பிளாஸ்டிக் பிரஷை விட்டு உலோகச் சீப்புக்கு மாறி, சீப்பில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நேரம். இரண்டு நிமிடம் போதும். கன்னம், தாடை என்று அதற்குப் பிடித்த இடத்தில் தொடங்கி, முடிந்ததும் தின்பண்டம். வயிறு சில வாரம் கழித்து. வால் நுனி அடித்துக்கொள்வது, காது பக்கவாட்டில் திரும்புவது, முதுகுத் தோல் அலைபோல் துடிப்பது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்ததும் நிறுத்துங்கள். கடிக்கும் வரை போனால் கடித்தால்தான் விடுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும். பிடரியைப் பிடித்து அமுக்குவது ஒருநாள் வேலையை முடித்துத் தரும், மறுநாள் முதல் பூனை கட்டிலுக்கு அடியில்தான்.

எப்போதும் சும்மா இருந்த பூனை ஒரே ஓர் இடத்தைத் தொட்டால் மட்டும் திடீரென்று கடித்தால் அங்கே வலி. சீப்பை வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோல் கோளாறுக்காகப் போகும்போது அதற்கு முந்தைய நாட்களில் குளிப்பாட்டாதீர்கள், பவுடரும் போடாதீர்கள். பார்க்க வேண்டியதெல்லாம் கழுவிப் போய்விடும். செதில் உள்ள இடத்தில் ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்து ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டிக்கொள்ளுங்கள், சீப்பில் வந்த முடியையும் ஒரு உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.